கானா: ரெகனைசன்ஸ் உரிமத்தை வைத்துத் துளையிடலாமா?

கானாவில் ரெகனைசன்ஸ் உரிமத்துடன் (கனிமத் தேடலின் முதற்கட்ட அனுமதி) துளையிடும் இயந்திரத்தை, அதாவது ரிக்கை, கொண்டுபோனபோது தடுத்துவிட்டார்கள், அதை வைத்துத் துளையிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாக முடியாது. உங்கள் ரெகனைசன்ஸ் உரிமம் மேற்பரப்புத் தேடலுக்குத்தான். 2006ஆம் ஆண்டின் கனிமச் சட்டம் (எண் 703) அந்த உரிமத்திலேயே தனியாகக் குறிப்பிட்டிருந்தால் தவிர, துளையிடவோ தோண்டவோ அனுமதிப்பதில்லை. ரிக்கை இறக்கவிடாமல் நிறுத்தினார்கள் என்கிறீர்களே, பெரும்பாலும் இதுதான் காரணம்.

உங்களுக்குத் தேவை ப்ராஸ்பெக்டிங் உரிமம், அதாவது துளையிட்டுக் கனிமம் தேடும் அடுத்தகட்ட அனுமதி. பேச்சில் இரண்டையுமே ‘எக்ஸ்ப்ளோரேஷன்’ (கனிமத் தேடல்) என்பதால் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

1. உரிமத்தின் தேதியைப் பாருங்கள். ரெகனைசன்ஸுக்கு முதல் முறை அதிகபட்சம் 12 மாதம். காலாவதியாகும் முன்பே ப்ராஸ்பெக்டிங் உரிமத்துக்கு மனுப் போடுங்கள், தள்ளிப்போடவே வேண்டாம்.

2. அக்ராவிலுள்ள கனிம ஆணையத்தின் நிலவரைபடப் பதிவேட்டில் உங்கள் பிளாக்குகளை (உரிம நிலத்தை அளக்கும் கட்டங்கள்) ஒப்பிடுங்கள். ஒரு பிளாக் 21 ஹெக்டேர். ப்ராஸ்பெக்டிங்கில் 750 பிளாக் வரைதான் கிடைக்கும். அதனால் மாதிரிகளில் நல்ல முடிவு வந்த பகுதியை இப்போதே தேர்ந்து வையுங்கள்.

புது உரிமம் வந்தவுடன் ரிக்கை அனுப்பிவிடாதீர்கள். சுற்றுச்சூழல் அனுமதி தனியாக வேண்டும். காப்புக்காடு என்றால் வனத்துறையின் அனுமதியும் சேரும்.

இடையில் யாராவது ‘சிறு சுரங்க உரிமம் வாங்கித் தருகிறேன், அதில் வேலையை ஆரம்பியுங்கள்’ என்று வந்தால் தயவுசெய்து பணம் கொடுக்காதீர்கள். அது கானா குடிமக்களுக்கு மட்டுமே உரியது.