பாக்கோ மோப்பம் பிடித்த நிலம்

அன்புள்ள ஐயா,

மே மாதம் குடும்பத்தோடு ஸ்பெயின் போகிறோம். எக்ஸ்ட்ரமதுராவில் நான்கு நாட்கள். கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடர் எடுத்த இடங்களைக் குறித்துவைத்திருக்கிறேன். அங்குள்ள ஹுர்தேஸ் மலைக் கிராமங்களின் வறுமையைப் பற்றி இயக்குநர் புனுவல் எடுத்த ஆவணப்படமும் பார்த்தேன். மலையாட்டைச் சுட்டு வீழ்த்திவிட்டு, தானாகத் தவறி விழுந்ததாகக் காட்டியிருக்கிறாராமே? எக்ஸ்ட்ரமதுராவின் ஓக் மரச் சமவெளியின் அழகை முழுதாகக் காட்டும் படம் எது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கேம் ஆஃப் த்ரோன்ஸுக்கு நான் எதற்கு? அது எடுத்த காசெரெஸ் நகரில் வழிகாட்டிகளே சொல்வார்கள். ஆடு விஷயம் உண்மைதான், பிரேமின் ஓரத்தில் துப்பாக்கிப் புகை தெரியும். 1933இல் எடுத்த அந்த அரைமணி நேரப் படத்தில் உங்கள் மனதில் நின்றது ஆடு மட்டும்தானா? விடுங்கள்.

'அழகை முழுதாகக் காட்டும் படம்' என்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. மாரியோ காமுஸின் 'லோஸ் சாந்தோஸ் இனோசென்தேஸ்' (1984) படத்தைச் சமீபத்தில் மறுபடி பார்த்ததிலிருந்து இதே யோசனைதான். மிகேல் தெலிபெஸின் நாவலை வைத்து எடுத்தது. எக்ஸ்ட்ரமதுராவின் படாஹோஸ் மாகாணத்தில், அல்புர்கெர்கே ஊர்ப்பக்கம் படப்பிடிப்பு. உங்கள் ஓக் மரங்கள் அதில் வேண்டிய மட்டும் உண்டு.

பாக்கோ பண்ணையாள். எஜமான் இவான் கௌதாரியைச் சுடுவான். விழுந்த பறவையைத் தேடி பாக்கோ நாலுகாலில் தவழ்ந்து, மண்ணில் மூக்கை வைத்து மோப்பம் பிடிப்பான். இவானுக்கு அதில் அப்படியொரு பெருமை. முதன்முதலில் ஒரு திரைப்படச் சங்கத் திரையிடலில் இதைப் பார்த்தபோது பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். எனக்கு மிகவும் வேண்டியவர், நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பிறகு பாக்கோ மரத்திலிருந்து விழுந்து கால் உடைகிறது. அந்தக் காலோடு இவான் அவனை வேட்டைக்கு இழுத்துப்போகிறான். மறுபடி உடைகிறது. இவானுக்குக் கவலையெல்லாம், பருவம் முடிவதற்குள் வேறு ஆள் வேண்டுமே என்பதுதான்.

ஐயா, அந்தச் சமவெளி தானாக முளைத்ததல்ல. அடர்காட்டைத் தலைமுறை தலைமுறையாகத் திருத்தி, கிளை கழித்து, பன்றிகள் ஓக் கொட்டை தின்று கொழுக்க ஆக்கிவைத்த நிலம். திருத்தியவனுக்கு அதில் ஒரு சாண் கிடையாது. 1936 மார்ச் 25 அன்று அதே படாஹோஸ் மாகாணத்தில் சுமார் 60,000 நிலமற்ற உழவர்கள் பண்ணைகளுக்குள் இறங்கி உழ ஆரம்பித்தார்கள். ஆகஸ்டில், உள்நாட்டுப் போர் மூண்டதும், குடியரசுக்கு எதிராகக் கிளம்பிய தளபதி ஃபிராங்கோவின் படை வந்தது. படாஹோஸ் நகரத்தில் பிடிபட்டவர்களைக் காளைச்சண்டை அரங்குக்குள்ளேயே சுட்டுக்கொன்றார்கள். படத்தின் கதை நடக்கும் 1960களில் பண்ணையார் பண்ணையாராகவே இருக்கிறார், பாக்கோவின் மூக்கு மண்ணில் இருக்கிறது. காமுஸ் இந்த வரலாற்றை யார் வாயிலும் திணிக்கவில்லை. அவன் முகர்வதைக் காட்டுகிறார், அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகு 'என்ன அழகு!' என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா?

பாக்கோவாக அல்ஃப்ரெடோ லாண்டா, மைத்துனன் அசரியாஸாக பிரான்சிஸ்கோ ரபால். கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊர் சுற்றப் போகிறவர்களில் புனுவலைத் தேடிப் பார்க்கிறவர் எத்தனை பேர்? அந்த உரிமையில்தான் திட்டுகிறேன். கிளம்பும் முன் இந்தப் படத்தைப் பார்த்துவிடுங்கள். கடைசியில் அசரியாஸ் மரத்தில் ஏறிச் செய்கிற காரியத்தை நான் சொல்லமாட்டேன். அது சரியா தப்பா என்று எனக்கு எழுதுங்கள். பிள்ளைகளுக்குத் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், மே மாதமே அங்கே வெயில் ஏறிவிடும்.