துருசு திறந்தால்தான் தண்ணீர்: வலயக் கணக்காளரிடம் கேட்டவை

திருகோணமலை மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என ஐந்து கல்வி வலயங்கள். அவற்றுள் இரண்டில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். எந்த இரண்டு என்று கேட்காதீர்கள்; மாவட்டம் சின்னது, கோபக்காரர்கள் அதிகம். சம்பளம், வவுச்சர், கொடுப்பனவு பற்றிக் கேளுங்கள் என்று வாசகர்களிடம் சொன்னேன். இடமாற்றம் பற்றிக் கேட்காதீர்கள் என்றும் சொன்னேன். வந்தவற்றில் பாதி இடமாற்றம். அவற்றை ஒதுக்கிவிட்டு மற்றவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஆசிரியை, சாம்பல்தீவு): அக்கா, கணக்காளரும் கணக்காய்வாளரும் ஒருவர்தானா? எங்கள் பாடசாலையில் இரண்டு பேரையும் கண்டு ஒரே மாதிரிப் பயப்படுகிறார்கள்.

பதில்: ஒருவர் சமைக்கிறார். மற்றவர் சோறு ஆறிய பிறகு வந்து உப்புப் பார்க்கிறார். வலயத்தில் உட்கார்ந்து உங்கள் சம்பளத்தையும் வவுச்சரையும் செலுத்துபவர் கணக்காளர். தேசிய கணக்காய்வு அலுவலகத்திலிருந்து வந்து, ஏன் செலுத்தினாய் என்று எங்களைக் கேட்பவர் கணக்காய்வாளர். நாங்களும் அவரைக் கண்டு பயப்படுகிறவர்கள்தான்.

கேள்வி (அதிபர், தம்பலகாமம்): தர உள்ளீட்டுக்கு (கற்றல் கற்பித்தல் பொருட்களுக்கு) ஒதுக்கீடு வந்துவிட்டதாகக் கடிதம் கிடைத்தது. பொருட்களை வாங்கினோம். நான்கு மாதமாகக் கடைக்காரருக்குக் காசு போகவில்லை. வலயத்தில் கேட்டால் ‘கட்டுநிதி இல்லை’ என்கிறார்கள். ஒதுக்கீடு இருக்கும்போது காசு எப்படி இல்லாமல் போகும்? யார் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்?

பதில்: என் சேவைக்காலம் முழுவதும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே தொண்டை வறண்டது. நீங்கள் தம்பலகாமத்துக்காரர் என்பதால் இந்த முறை எளிது. கந்தளாய்க் குளத்தில் உங்கள் வயலுக்கு இவ்வளவு தண்ணீர் என்று போகக் கூட்டத்தில் தீர்மானித்து எழுதிவிடுகிறார்கள். அந்தத் தாளைக் கொண்டுபோய் வரம்பில் வைத்தால் நெல் விளையுமா? குளத்தின் மதகான துருசு திறக்க வேண்டும். ஒதுக்கீடு அந்தத் தாள். கட்டுநிதி துருசிலிருந்து வரும் தண்ணீர்.

மாகாணப் பாடசாலைகளின் பணம் வரும் வழியைப் பாருங்கள். நிதி ஆணைக்குழுவின் சிபாரிசுப்படி மத்திய அரசு மாகாணங்களுக்குப் பணம் ஒதுக்குகிறது. திறைசேரி அதை ஒரே நாளில் கொட்டிவிடுவதில்லை. கையில் உள்ளதைப் பார்த்து மாதம் மாதமாக விடுகிறது. அது பிரதம செயலாளரின் கீழுள்ள மாகாணத் திறைசேரிக்கு வந்து, அங்கிருந்து கல்வித் திணைக்களத்துக்கும், பிறகு வலயத்துக்கும் பிரிகிறது. வலயத்துக்கு வந்து சேர்ந்ததில் முதலில் சம்பளம். அதை யாரும் தொட முடியாது. அடுத்தது மின்சாரம், தண்ணீர், தொலைபேசி. மிஞ்சியதில்தான் உங்கள் கடைக்காரர் வரிசையில் நிற்கிறார். 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது அந்த வரிசை எப்படி நீண்டது என்பது அச்சகக்காரர்களுக்குத் தெரியும்.

யாரும் ‘வைத்துக்கொண்டிருக்க’ வழியில்லை. டிசம்பர் 31 தாண்டினால் செலவழியாத ஒதுக்கீடு செத்துவிடும். செலுத்தாத பற்றுச்சீட்டு மட்டும் சாகாது. பொறுப்பாகப் பதியப்பட்டு அடுத்த வருட ஒதுக்கீட்டைத் தின்னும். ஆகவே வவுச்சரை ஒக்டோபருக்குள் அனுப்பிவிடுங்கள். டிசம்பர் 28ஆம் திகதி மாலை மூன்றரை மணிக்குக் கோவையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் அதிபர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு என்னையும் தெரியும்.

கேள்வி (ஆசிரியர், உப்புவெளி): சம்பளச் சீட்டில் மாதாமாதம் 25 ரூபாய் எதற்காகக் கழிக்கிறார்கள்?

பதில்: முத்திரைத் தீர்வை. 25,000 ரூபாய்க்கு மேல் பணம் பெற்றதற்கான பற்றுச்சீட்டுக்குரியது. முன்பு முத்திரையை நக்கி ஒட்டினோம். இப்போது கணினி கழிக்கிறது.

கேள்வி (புதிய ஆசிரியை, வெருகல்): நியமனம் கிடைத்து இரண்டு மாதமாகியும் சம்பளம் இல்லை. யாரைக் கேட்பது?

பதில்: தங்கச்சி, முதலில் உங்கள் அதிபரைக் கேளுங்கள். கடமை ஏற்றதை அறிவிக்கும் கடிதம் வலயத்துக்குப் போயிற்றா, அல்லது அவருடைய மேசை லாச்சியில் தூங்குகிறதா? பாதிப் பேருக்கு விடை அங்கேயே இருக்கிறது. போயிருந்தால் தாபனக் கிளையில் சுயவிபரக் கோவை திறந்திருக்க வேண்டும். அங்கிருந்து சம்பளக் கிளைக்கு எழுத்தில் அறிவித்தல் வர வேண்டும். வங்கிப் புத்தகத்தின் பிரதி தெளிவாக இருக்கட்டும். இலக்கமொன்று மங்கியதால் மூன்று மாதம் சம்பளம் திரும்பித் திரும்பிப் போன பிள்ளை ஒருத்தியை எனக்குத் தெரியும். வேலை செய்த நாளுக்குரிய பணம் எங்கும் போகாது. நிலுவையாக வரும். அதுவரை வட்டிக்கு வாங்காதீர்கள்.

கேள்வி (பிரதி அதிபர், நிலாவெளி): கருத்தரங்கு அவசரத்தில் வெற்று வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். பிறகு தொகை நிரப்புவார்களாம். சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டாம். வேண்டவே வேண்டாம். அரச பணத்துக்கான விதிகளான நிதிப் பிரமாணங்களில் 136 முதல் 139 வரை ஒரு தடவையாவது வாசியுங்கள். செலவுக்கு அதிகாரம் கொடுப்பவர், கொடுப்பனவை அங்கீகரிப்பவர், அத்தாட்சிப்படுத்துபவர், செலுத்துபவர் என்று வேலையை நான்காகப் பிரித்திருக்கிறார்கள். ஒருவர் செய்ததை அடுத்தவர் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டால் அந்த நான்கையும் ஒருவர் கையில் கொடுத்துவிடுகிறீர்கள்.

முன்பு நான் இருந்த ஓர் அலுவலகத்தில் பயிற்சி வகுப்பின் சாப்பாட்டுக்காக ஆசிரியர் ஒருவர் இப்படிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். நாற்பது பேருக்கு வாங்கிய பார்சல் தொண்ணூறு பேருக்கு என்று எழுதப்பட்டது. நட்டங்களை விசாரிக்கும் நிதிப் பிரமாணம் 104இன் கீழ் விசாரணை வந்தது. தொகையை எழுதியவர் அதற்குள் வேறு மாவட்டத்துக்கு மாறிவிட்டார். கையெழுத்து இருந்தவர் நின்றார். அன்று விரதம் என்று அந்த மனிதர் ஒரு பார்சலைக்கூடத் தொடவில்லை. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் வந்த பிறகு நட்டத்தைப் பொறுப்பாளியிடம் மிகைக்கட்டணமாக அறவிடவும் வழி இருக்கிறது. தொகை எழுதாத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள்.

கேள்வி (ஆசிரிய ஆலோசகர், மூதூர்): திருகோணமலைக் கூட்டத்துக்குக் கந்தளாய் வழியாகப் போனேன். பிரயாணச் செலவைக் கிண்ணியா வழித் தூரத்துக்கு வெட்டிவிட்டார்கள். நியாயமா?

பதில்: நியாயம். கிட்டிய வழி, அல்லது செலவு குறைந்த வழி. அரச ஊழியர் விதிநூலான தாபன விதிக்கோவையின் போக்கு அதுதான். கந்தளாயில் கடமை இருந்தது என்று முன்கூட்டியே அனுமதி பெற்றிருந்தால் கதை வேறு.

இந்த மூன்று வரியோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மூதூரிலிருந்து ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் எழுதினார்: “கிட்டிய வழி என்று சுலபமாகச் சொல்கிறீர்கள் பிள்ளை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை எங்களுக்குக் கிட்டிய வழி கடல். கொட்டியாரக் குடாவை லோஞ்சில் கடந்தோம். தரைவழியாக வந்தால் பாதைக்கு மேல் பாதை ஏறி இறங்க வேண்டும். மார்கழி வாடையில் லோஞ்சு ஓடாது. ஆனால் உங்கள் அலுவலகம் மார்கழியிலும் லோஞ்சுக் கட்டணத்தைத்தான் தந்தது.”

(வெளியூர் வாசகர்களுக்கு: ‘பாதை’ என்பது இங்கே ஆற்றைக் கடக்கும் மிதவை; ‘லோஞ்சு’ மோட்டார்ப் படகு.)

உடனே கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி: “லோஞ்சில் டிக்கெட் தருவதில்லை, டிக்கெட் இல்லாமல் கோரிக்கை எப்படி எழுதினீர்கள் ஐயா?” என்று மடக்கினார். ஐயா விடவில்லை: “கையெழுத்திட்ட சான்றுரை எழுதினோம். பொய் சொல்லும் வழக்கம் எங்கள் காலத்தில் இல்லை.” அதற்கு மூன்றாமவர், பாடசாலைக்கே வராமல் லோஞ்சுக்குச் சான்றுரை எழுதியவர்களின் பட்டியல் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். பெயர்கள் வரத் தொடங்கியதும் நான் தலையிட வேண்டியதாயிற்று. பெயர்களை நீக்கிவிட்டேன்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1990களின் கடைசியில் நான் புதிதாகக் கதிரையில் உட்கார்ந்தபோது அப்படியான மார்கழிக் கோரிக்கைகளை வெட்டியவர்களுள் நானும் ஒருத்தி. விதியில் கிட்டிய வழி என்று இருந்தது; கடல் கொந்தளிக்கும் என்று அதில் இல்லை. பிறகொரு நாள் கணக்கு பரிசோதிக்க மூதூருக்கு நானே லோஞ்சில் போனேன். திரும்பி வந்ததும் வானிலையைக் காரணமாகக் குறிப்பிட்டு மேலதிகாரி ஒப்பமிட்டால் தரைவழிச் செலவை அனுமதிக்கலாம் என்று குறிப்பு எழுதினேன். ஐயா சொல்வது சரி. வெட்டியது விதிப்படி, ஆனாலும் தவறு.

இன்னொன்று. இது பழங்கதை என்று சிரிப்பவர்கள் 2021 நவம்பர் 23ஐ நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய பாலம் வந்து பன்னிரண்டு வருடம் கழித்துக் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். லோஞ்சு வாதத்தை இத்துடன் நிறுத்துகிறேன்.

கேள்வி (பலர்): சம்பள நிலுவை எப்போது வரும்?

பதில்: இதே கேள்வி பதினோரு தடவை வந்திருக்கிறது. நான் ஓய்வு பெற்றவள், சோதிடரும் அல்லள். முந்திய வருடத்துக்குரிய நிலுவை என்றால் இந்த வருட ஒதுக்கீட்டில் இடம் வேண்டும், அனுமதி வேண்டும். ஆகவே தாமதம். சம்பள ஏற்றப் படிவம் உரிய காலத்தில் போனதா, வினைத்திறன் தடைதாண்டல் (சம்பள ஏற்றம் தொடரத் தாண்ட வேண்டிய தகுதிப் படி) முடிந்ததா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி (ஆசிரியர், பாலையூற்று): என் நிலுவை எப்போது வரும்?

பதில்: மேலே.

கேள்வி (அதிபர், குச்சவெளி): மூன்று விலைகோரல் எடுத்தும் கணக்காய்வு வினா வந்திருக்கிறது.

பதில்: மூன்றும் ஒரே கையெழுத்திலா? அப்படித்தான் இருக்கும். மூன்று கடையின் தாளிலும் ஒரே எழுத்துப் பிழை இருந்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன். 2025 ஜனவரி 1 முதல் புதிய பெறுகை (அரச கொள்வனவு) வழிகாட்டல்கள் நடைமுறையில் இருக்கின்றன. 2006இன் பழைய பிரதியைத் தூக்கி வைத்துவிட்டு அவற்றைப் படியுங்கள்.

கேள்வி (பட்டதாரி, உவர்மலை): கணக்காளர் சேவையில் சேர என்ன வழி?

பதில்: இலங்கைக் கணக்காளர் சேவை தரம் மூன்றுக்கு இரண்டு வாசல். பட்டதாரிகளுக்குத் திறந்த போட்டிப் பரீட்சை. ஏற்கெனவே அரச சேவையில் இருப்பவர்களுக்கு மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சை. தகைமையையும் வயதையும் வர்த்தமானியில் பாருங்கள். டியூட்டரி சுவரொட்டியில் பார்க்காதீர்கள். சிங்களம் படியுங்கள். தேர்ச்சி கேட்பார்கள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. சுற்றறிக்கையின் தமிழ்ப் பிரதி பிந்தி வரும் நாட்களில் மற்றவர் வாயைப் பார்த்துக்கொண்டு கையெழுத்து வைக்க நேரும்.

கேள்வி (ஆசிரியை, தோப்பூர்): அடுத்த வருடம் ஓய்வு. 2004 கடல்கோளில் என் நியமனக் கடிதங்கள் எல்லாம் போய்விட்டன. முதல் ஏழு வருடம் வவுனியாவில்.

பதில்: அடுத்த வருடம் வரை காத்திருக்காமல் இந்த வாரமே தொடங்குங்கள். உங்கள் முதல் சேவைக்காலத்தில் வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணம். 2007இல் பிரிந்தபோது ஆட்களோடு கோவைகளும் பிரிந்தன, சில கோவைகள் இரண்டு பக்கமும் சேரவில்லை. வவுனியாவில் பணியாற்றிய பாடசாலையின் நிகழ்வுப் பதிவேடான சம்பவத் திரட்டில் கடமை ஏற்ற நாளும் விடுவிக்கப்பட்ட நாளும் இருக்கும். அதிபரிடம் உறுதிப்படுத்திய பிரதி கேளுங்கள். பழைய சம்பளப் பதிவுகளில் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியக் கழிவு தெரியும். வாய்மொழியாகக் கேட்டுப் பலனில்லை என்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். இன்னும் தடுமாறினால் எனக்குத் தனியாக எழுதுங்கள் அக்கா. இதற்கு எனக்குப் பொறுமை இருக்கிறது.

கேள்வி (ஆசிரியர், அன்புவழிபுரம்): வரி கழிப்பார்களா?

பதில்: 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 ரூபாய் வரை இல்லை. டியூஷன் வருமானத்தைப் பற்றி என்னிடம் சொல்லாதீர்கள்.

கேள்வி (மூதூர், ஓய்வுபெற்ற அதிபர், மீண்டும்): 1998 மார்கழியில் என்னிடமிருந்து வெட்டிய தொகையை இப்போது கோரலாமா?

பதில்: ஐயா, பொது 35 வவுச்சரில் எழுதுங்கள். இருபத்தைந்து வருடத்துக்கு மேற்பட்ட தாமதத்துக்கான காரணத்தைத் தனித்தாளில் இணையுங்கள். நிராகரிப்பார்கள், ஆனால் எழுத்தில் நிராகரிப்பார்கள். தொகையை நிரப்பிய பிறகு மட்டும் கையெழுத்து வையுங்கள்.