வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடு) போட்டது தெரியாமல் இயல்பாக இருக்க என்ன செய்ய வேண்டும்?

பலரும் நிறத்தைத்தான் குறை சொல்வார்கள். முதலில் பார்க்க வேண்டியது தடிமன். பீங்கான் வெனீர் 0.3 முதல் 0.7 மி.மீ. வரை இருக்கும். ஏற்கெனவே துருத்திய பல்லில், பல்லின் கடினமான மேலடுக்கான எனாமலைக் கொஞ்சமும் சீவாமல் ஒட்டினால் ஈறோரம் திண்டு கட்டியதுபோல் நிற்கும். அங்கே அழுக்குச் சேர்ந்து ஈறு சிவக்கும்.

நிறத்தை வேலை தொடங்கும் முன்பே, பல் ஈரமாக இருக்கும்போது பார்க்க வேண்டும். வாய் திறந்தே இருந்தால் சில நிமிடங்களில் பல் உலர்ந்து வெளுத்துத் தெரியும். இயற்கைப் பல் ஈறருகே சற்று மஞ்சள், நுனியில் லேசாக ஒளி ஊடுருவும் நீலச் சாம்பல். எல்லாப் பல்லுக்கும் ஒரே பளீர் வெள்ளை கேட்டால் குளியலறை டைல்ஸ்தான் கிடைக்கும்!

மேல்வரிசை நடுப் பற்களைவிட அடுத்த பல் அரை முதல் ஒரு மி.மீ. குட்டையாக இருக்கட்டும். சீவும் முன்பே தற்காலிக மாதிரியை வாயில் பொருத்தி "ஃப" சொல்லிப் பாருங்கள்: நுனி கீழுதட்டின் ஈர ஓரத்தை மெல்லத் தொட வேண்டும். உதட்டை அழுத்தினால் நீளம் அதிகம்.

மெல்லிய வெனீரில், அதை ஒட்டும் சிமென்ட்டின் நிறமும் வெளியே தெரியும். அதனால் ட்ரை-இன் பேஸ்ட் (ஒட்டும் முன் நிறம் பார்க்கத் தற்காலிகமாக வைக்கும் பசை) வைத்து, பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பார்த்த பிறகே ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டியபின் நிறம் பிடிக்காவிட்டால், வெட்டி எடுத்துப் புதிதாகச் செய்வதுதான் வழி.