குப்பைமேனி: பூசலாம், குடிக்கலாமா?

கேள்வி: கொல்லையில் குப்பைமேனி மண்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டில் அதைக் கீரையாகக் கடைகிறார்கள். சாப்பிடலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: அவர்கள் கடைவது அநேகமாகக் குப்பைக்கீரை. பெயர்தான் ஒட்டுகிறது; அது தண்டுக்கீரை இனம், குப்பைமேனி ஆமணக்குக் குடும்பம். குப்பைமேனிக்கு இலைக்காம்பு நீளம். மேலிருந்து பார்த்தால் ஓர் இலை இன்னொன்றை மறைக்காமல் விரிந்திருக்கும். இலைக் கணுவில் எழும் கதிரைக் கிட்டத்தில் பாருங்கள்: விளிம்பு பல்பல்லாக வெட்டிய பச்சைக் கிண்ணங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் மிளகைவிடச் சிறிய காய். குப்பைக்கீரையில் இந்தக் கிண்ணம் இருக்காது. குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை தேடி வந்து புரளும். பூனைவணங்கி என்ற பெயர் அதனால் வந்ததுதான். இதைக் கீரையாகச் சமைக்க வேண்டாம். காரணம் கடைசிப் பதிலில்.

கேள்வி: மகனுக்கு விரலிடுக்கில் சிரங்கு. இலையோடு உப்பு சேர்த்து அரைத்துப் பூசினேன். எரிகிறது என்று அழுகிறான்.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: எரிச்சல் உப்பினால். தோல் கிழியாத வெறும் அரிப்புக்குத்தான் உப்பு; சொறிந்து புண்ணான இடத்தில் அறவே கூடாது. அதற்கு ஒரு கைப்பிடி இலையை நன்றாக அலசி, விரலி மஞ்சள் சிறு துண்டு வைத்து மையாக அரையுங்கள். முதலில் முன்கையில் ஒரு பொட்டு வைத்து மறுநாள் வரை பாருங்கள்; சிலருக்கு இந்த இலையே தடிப்பு உண்டாக்கும். ஒத்துக்கொண்டால் குளிப்பதற்கு இருபது நிமிடம் முன் பூசிக் கழுவுங்கள். மீந்த விழுதை எடுத்து வைக்காதீர்கள், அன்றன்றைக்கு அரைப்பதே நல்லது. சாக்கடையோரச் செடி வேண்டாம்.

ஆனால் இரவில் அரிப்பு கூடி, வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றினால் அது சிற்றுண்ணி தோலுக்குள் குடைந்து முட்டையிடும் சொறி. பச்சிலை அரிப்பைத் தணிக்கும், அவ்வளவுதான். மருத்துவர் தரும் பெர்மெத்ரின் களிம்பை வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும். துணி, போர்வையை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். ஒருவரை விட்டாலும் திரும்ப வரும்.

கேள்வி: முழங்கால் வலிக்குக் காய்ச்சிய குப்பைமேனி எண்ணெய் ஒரே வாரத்தில் சிக்கு வாடை அடிக்கிறது.
– வாசகி, தென்காசி

பதில்: ஈரம் போகவில்லை. சாறும் நல்லெண்ணெயும் சம அளவு எடுத்துச் சிறுதீயில் காய்ச்சுங்கள். அடியில் நிற்கும் கசண்டை விரலில் உருட்டினால் மெழுகு போலத் திரள வேண்டும். திரியில் ஒரு சொட்டு விட்டுக் கொளுத்துங்கள். படபடத்தால் இன்னும் நீர் இருக்கிறது. ஆறியதும் வடிகட்டி, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் ஊற்றுங்கள்.

கேள்வி: குழந்தைக்குச் சளி கட்டினால் இதன் சாற்றைப் புகட்டலாமா?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: வேண்டாம். கோழையை வாந்தியாக எடுக்க வைக்கத்தான் அந்தக் காலத்தில் புகட்டினார்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இந்த இலை இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். இலங்கையில் இதை உண்டு அப்படிப் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவப் பதிவுகள் உண்டு. குறைபாடு இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. ஏற்கெனவே புகட்டியிருந்து, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்து மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கொடுத்த செடியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.