பாம்பன் புதிய ரயில் பாலம்: பயணிகளும் படகுக்காரர்களும் கேட்டவை

கடலோரக் கட்டுமானப் பணிகளில் நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால், பாம்பன் பாலப் பணியின்போது ரயிலும் சாலையும் படகுப் போக்குவரத்தும் ஏன் தடைப்பட்டன என்ற கேள்விகளுக்கு விடையளிக்க ஒப்புக்கொண்டேன். ரயில் நேரம், முன்பதிவு ஆகியவை என் துறை அல்ல.

கேள்வி (மானாமதுரை வாசகர்): புதிய பாலம் கட்டுவதற்காக இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ராமேசுவரம் ரயிலை நிறுத்தினார்களே, பழைய பாலத்தில் ஓட்டிக்கொண்டே கட்டியிருக்கக் கூடாதா?

பதில்: அப்படித்தான் கட்டத் தொடங்கினார்கள். 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2020இல் கடலுக்குள் பணி தொடங்கிய பிறகும் பழைய பாலத்தில் ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2022 டிசம்பர் 23 அன்று சேவை நின்றதற்குப் புதிய பாலத்தின் பணி காரணமன்று. 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டு, உப்புக்காற்றில் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் அரிக்கப்பட்ட, கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் பழைய தூக்குப் பாலத்தில் பொருத்தியிருந்த உணர்கருவிகள் அபாய அளவு அதிர்வைக் காட்டியதே காரணம். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து சென்றும் அந்த அதிர்வு இருந்ததென்றால், அதன் பிறகும் பயணிகளை ஏற்றி ஓட்டச் சொல்வது எந்தப் பொறியாளராலும் ஆகாத காரியம். புதிய பாலம் முன்னரே முடிந்திருந்தால் இந்த இடைவெளி குறைந்திருக்கும் என்பது உண்மை. பெருந்தொற்றுக் காலமும், 72.5 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 660 டன் எடையும் கொண்ட தூக்குக் கர்டரை (மேலேறி இறங்கும் இரும்பு உத்தரத்தை) வளைவான பாதையில் அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டியிருந்த சிரமமும் அதைத் தள்ளிப்போட்டன. 2025 ஏப்ரல் 6 அன்று பாலம் திறக்கப்படும் வரை ரயில்கள் மண்டபத்துடனோ ராமநாதபுரத்துடனோ நின்றன. அத்தனை கூட்டத்தையும் 1988இல் திறந்த அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம் ஒன்றே தாங்கியது.

கேள்வி (மதுரை): காரில் போனால் சாலைப் பாலத்தில் நெரிசல் இருக்குமா?

பதில்: விடுமுறை நாட்களிலும் அமாவாசை நாட்களிலும் இருக்கும். பாலத்தின் நடுவே வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். அங்கு ஏற்படும் நெரிசலில் பெரும்பகுதி அதனால்தான்.

கேள்வி (பாம்பன், நாட்டுப்படகு வைத்திருப்பவர்): அண்ணாச்சி, பணி நடந்தபோது தூண்களுக்கு இடையே போகாதே என்று எங்களைத் தடுத்தார்கள். இப்போதும் நீரோட்டம் முன்போல் இல்லை என்கிறோம், யாரும் நம்பவில்லை.

பதில்: நான் நம்புகிறேன், தம்பி. வடகடலான பாக் நீரிணையும் தென்கடலான மன்னார் வளைகுடாவும் சந்திக்கும் இந்த இடுக்கில், வாடைக் காலத்தில் நீர் வடகடலிலிருந்து தென்கடலுக்கும், தென்மேற்குக் காற்றுக் காலத்தில் எதிர்த்திசையிலும் விசையோடு பாய்வது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த ஓட்டத்தின் குறுக்கே ஏற்கெனவே ஒரு தூண் வரிசை நின்றது. இப்போது 333 பைல்களின் (கடலடியில் துளையிட்டு இறக்கிய அடித்தளத் தூண்களின்) மேல் இன்னொரு வரிசை எழுந்துள்ளது. ஒவ்வொரு தூணும் நீரைப் பிளக்கிறது, பிளந்த நீர் இடைவெளியில் விரைகிறது, தூணுக்குப் பின்னால் சுழல் உண்டாகிறது. முதல் வரிசையின் சுழல் அடங்குவதற்கு முன்பே நீர் இரண்டாவது வரிசையில் மோதுவதால், பழைய பழக்கத்தில் சுக்கானைப் பிடித்தால் படகு பக்கவாட்டில் இழுபடும்.

பணிக்காலத் தடைக்கு வேறு காரணம் உண்டு. தூணாவது கண்ணுக்குத் தெரியும். கிரேன் நிற்கும் மிதவையின் நங்கூரக் கம்பி வடம் நீருக்கடியில் நெடுந்தூரம் சாய்ந்து கிடக்கும், அதில் விசிறி சிக்கினால் இயந்திரம் நின்று, ஓட்டத்தோடு தூணில் மோத வேண்டியதுதான். மிதவை எங்கே நின்றாலும் அதற்கும் அதன் நங்கூர மிதப்புக்கும் இடையே நுழையாதீர்கள். ஓட்டத்திடம் தோற்பது சிறு படகுகள் மட்டுமல்ல. 2013 ஜனவரியில் கடற்படையின் மிதவைக் கலம் ஒன்றே அடித்துச் செல்லப்பட்டுப் பழைய பாலத்தில் மோதியது.

கேள்வி (சென்னை): வாகனங்கள் சாலைப் பாலத்தில் செல்ல அனுமதி உண்டா?

பதில்: உண்டு. என்றும் இருந்தது.

கேள்வி (திருச்சி, கட்டடப் பொறியாளர்): அடிப்படையிலேயே ஐயம் இருக்கிறது. சாலைப் பாலத்தைப் போல ரயில் பாலத்தையும் உயரமாகக் கட்டியிருந்தால் கப்பலும் காத்திருக்க வேண்டாம், ரயிலும் காத்திருக்க வேண்டாம். தூக்கி இறக்கும் இந்த வேலை எதற்கு?

பதில்: நல்ல கேள்வி, எனவே கணக்கோடு சொல்கிறேன். தூக்குப் பகுதி 17 மீட்டர் மேலேறி, கலங்களுக்கு 22 மீட்டர் வரை உயரம் தருகிறது. தூக்காமலே அதே உயரம் வேண்டுமானால் தண்டவாளம் நிரந்தரமாக 17 மீட்டர் கூடுதலாக ஏற வேண்டும். லாரியும் பேருந்தும் ஏறும் சரிவில் ரயில் ஏறாது. நூற்றுக்கு ஒன்று என்ற, சமவெளிப் பாதைக்குச் செங்குத்தான சரிவை ஒப்புக்கொண்டாலும், 17 மீட்டர் ஏற 1,700 மீட்டர் வேண்டும். மண்டபம் பக்கம் அதற்கு இடம் கிடைக்கலாம். கப்பல் கால்வாயோ பாம்பன் கரையை ஒட்டியிருக்கிறது. அங்கிருந்து தரைக்குச் சில நூறு மீட்டர்தான், அதைத் தாண்டியதும் பாம்பன் நிலையம். அந்த நிலையத்தை வானத்திலா வைப்பது?

கேள்வி (அதே பொறியாளர்): நிலையத்தைத் தங்கச்சிமடம் பக்கம் நகர்த்தலாமே? சரிவையும் ஐம்பதுக்கு ஒன்று ஆக்கலாம்.

பதில்: நகர்த்தலாம், குடியிருப்புகளுக்கு நடுவே மேம்பாலமாக ரயிலைக் கொண்டுபோகவும் செய்யலாம். அதற்கான நிலமெடுப்பில் எத்தனை ஆண்டு போகும் என்பதையும் நீங்களே கணக்கிட்டுச் சொல்லுங்கள். ஐம்பதுக்கு ஒன்று சரிவில் நீளமான விரைவு ரயிலை ஏற்றப் பின்னாலிருந்து தள்ள இன்னொரு எஞ்சின் வேண்டும். அதுவும் சூறைக்காற்றுக்குப் பேர்போன நீரிணையில், கூடுதல் உயரத்தில். பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினாலே ரயிலை நிறுத்திவிடும் ஏற்பாடு இருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி (கோவை): இந்த விவாதத்தில் நான் பொறியாளர் பக்கம். சரி, தூக்குவதே முடிவென்றால் பழைய முறையில், இரு கைகளாக விரியும் ஷெர்சர் பாலத்தையே மறுபடி வைத்திருக்கலாமே? அழகாகவாவது இருக்கும்.

பதில்: அழகில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஷெர்சர் முறையில் இரு கைகளும் நடுவில் சந்திக்கின்றன. சுமையும் அதிர்வும் குவியும் பலவீனமான இணைப்பு அதுவே. செங்குத்தாக ஏறும் கர்டர் ஒரே துண்டு. இறங்கியபின் இரு முனைகளிலும் தூண்மேல் அமர்ந்து, சாதாரண இரும்புப் பாலமாகவே சுமை தாங்கும். பழையதை ஆட்கள் நெம்புகோல் சுற்றித் திறந்தார்கள். புதியது எதிர் எடைகளின் துணையோடு மோட்டாரில் ஏறிச் சில நிமிடங்களில் திறக்கிறது. கப்பலுக்காக ரயில் காத்திருக்கும் நேரம் உண்மையில் குறைந்தது இங்கேதான்.

கேள்வி (கோவை, மீண்டும்): சுரங்கம்?

பதில்: வேண்டாம். மேலே சொன்ன சரிவுக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி (விசைப்படகு உரிமையாளர், ராமேசுவரம்): பழுது பார்க்கத் தென்கடலுக்குப் படகைக் கொண்டுபோக வேண்டும். தூக்குப் பாலம் எப்போது திறக்கும்?

பதில்: கடக்க விரும்பும் கலம் பாம்பன் துறைமுக அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும், ரயில் இல்லாத நேரத்தை ரயில்வே ஒதுக்கும். பெரிய கலம் கடக்கும் நாளில் விசைப்படகுகளும் வரிசையாகச் செல்வது வழக்கம். நாள் அங்கேதான் தெரியும், என்னிடம் இல்லை. ஓட்டம் தணிந்த வேளையைக் கேட்டு வாங்குங்கள். முன் செல்லும் படகை ஒட்டிப் போகாதீர்கள்.

கேள்வி (விருதுநகர்): 1964 புயலுக்குப் பின் 46 நாளில் பாலத்தைச் சீராக்கினார் ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன். இன்று இத்தனை இயந்திரங்கள் இருந்தும் ஐந்து ஆண்டா?

பதில்: அந்தச் சாதனையை யாரும் குறைக்க முடியாது, ஆனால் இரண்டும் ஒரே வேலை அல்ல. 1964 டிசம்பர் புயலில் 126 கர்டர்கள் அடித்துச் செல்லப்பட்டாலும் தூண்களும் தூக்குப் பகுதியும் நின்றன. கடலில் கிடந்த கர்டர்களை மீட்டு, நிற்கும் தூண்களின் மேல் மீண்டும் ஏற்றினார்கள். புதிய பாலத்திலோ கடலடியில் துளையிடுவதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. காற்று வலுத்த ஒவ்வொரு நாளும் மிதவைகள் சும்மா நின்றன.

கேள்வி (சேலம்): சாலைப் பாலம் வழியாகக் காரில் போகலாமா?

பதில்: போகலாம். மேலே இருமுறை சொல்லியாயிற்று. நிறுத்த மட்டும் வேண்டாம்.

கேள்வி (ஈரோடு): பணிக்காலத்தில் ரத்தான பயணச்சீட்டின் பணம் இன்னும் வரவில்லை.

பதில்: ரயில்வேயின் பணம் திரும்பப் பெறும் பிரிவுக்கு எழுதுங்கள்.

கேள்வி (மண்டபம்): பழைய பாலத்தை அகற்றும்போது படகுகளுக்கு மறுபடியும் தடை வருமா? இரண்டாவது தண்டவாளம் போடும்போது?

பதில்: அகற்றும்போது நிச்சயம் வரும். இரு தூக்குப் பகுதிகளும் ஒரே கால்வாயின் மேல் நிற்பதால், பழையதைக் கழற்றும் நாட்களில் புதியது திறந்திருந்தும் கலம் கடக்க முடியாது. மிதவைகளும் வடங்களும் திரும்ப வரும். விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் கால்வாய்ப் பகுதி வேலையை முடித்துக்கொள்ளுமாறு மீனவர் சங்கங்கள் இப்போதே எழுத்தில் கேட்பது நல்லது. நாட்டுப்படகுகளுக்குத் தனி வழி விடவும் சேர்த்தே கேளுங்கள். இரண்டாவது தண்டவாளத்தைப் பொறுத்தவரை, தூண்கள் இரட்டைப் பாதைக்கு ஏற்றபடியே கட்டப்பட்டுள்ளதால், பைல் இறக்கும் வேலை மீண்டும் இராது. கர்டர் ஏற்றும் நாட்களில் அந்தந்தத் தூண் இடைவெளி மட்டும் மூடப்படும்.