அறுபது கெஜ ஓட்டமும் இரண்டு விநாடி எறிதலும்

கேள்வி: அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் பள்ளி மாணவர்களின் திறமையை அளந்து பார்த்துத் தேர்வு செய்கிறார்களாமே, எதை அளக்கிறார்கள்?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: மட்டையடி, அடியின் வலிமை, ஓட்டம், தடுப்பாட்டம், எறிதல் ஆகிய ஐந்தையும் எடைபோட்டு, ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் இடுவார்கள், 50 என்பது முதன்மை லீக் எனப்படும் உயர்மட்டத் தொழில்முறைப் போட்டியில் ஆடுபவரின் சராசரி. ஓட்டத்துக்கு 60 கெஜத்தைத் தேர்ந்தெடுத்ததில் பொருள் உண்டு: ஓடுபவர் வரிசையாகத் தொட்டுச் செல்ல வேண்டிய இடங்களான பேஸ்களில், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி என்பதால், அது சரியாக இரண்டு பேஸ்களின் தொலைவு. 7 விநாடிக்குள் ஓடி முடிப்பவரைத் தேர்வாளர் திரும்பிப் பார்ப்பார்.

நம் விக்கெட் கீப்பரைப் போல் குந்தி அமரும் கேட்சருக்குச் சோதனை வேறு. பந்து அவர் கையுறையில் ‘பட்’டென்று விழுந்ததும் கடிகாரத்தை அழுத்துவார்கள், அவர் எழுந்து எறியும் பந்து, ஏறத்தாழ 127 அடிக்கு அப்பால், இரண்டாம் பேஸில் காத்திருப்பவரின் கையுறையை எட்டியதும் நிறுத்துவார்கள். 2 விநாடி என்றால் நல்ல கை.

பந்து வீசுபவரின் வேகத்தை ரேடார் கருவி சொல்லிவிடும். ஆனால் 17 வயதுப் பையன் ஒருவன், கடைசி நொடியில் வளைந்து இறங்கும் பந்தை அடிக்காமல் விடுவானா, ஏமாந்து மட்டையை வீசுவானா என்பதை அறிய, தேர்வாளர் பல ஆட்டங்களை வெயிலில் உட்கார்ந்து பார்த்தே தீர வேண்டும்.