நின்று நின்று அடிக்கும் லேசர் பிரிண்டர்: பதில்

வணக்கம். ஏ5 பில் இருபது வேகமாக வந்தபின் பிரிண்டர் நின்று நின்று அடிக்கிறது, அலமாரித் தட்டுக்குள் வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் பழுதாக இருக்காது, பயப்படாதீர்கள். டோனர் என்ற மைத்தூளை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் ஃபியூசர் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் ஓடுவது. குறுகிய தாள் அதன் ஒரு பகுதிச் சூட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். தாள் படாத ஓரம் எக்கச்சக்கமாகச் சூடேறும். அது ஆறத்தான் பிரிண்டர் காத்திருக்கிறது. போதாததற்கு, அலமாரிக்குள் பிரிண்டரின் விசிறி தள்ளும் வெப்பக்காற்று பலகையில் மோதி மறுபடி உள்ளேயே போகும்.

முதலில் மேசைக்கு மாற்றுங்கள், விசிறித் துளைப் பக்கம் ஒரு சாண் இடைவெளியாவது இருக்கட்டும். அப்புறம் ஏ4 தாளில் இரண்டு பில்லாக அடித்து நறுக்கிப் பாருங்கள். துளையில் தூசி இருந்தால் பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறியபிறகு துடையுங்கள். ஆனால் வாயால் ஊதவேண்டாம், டோனர் தூள் முகத்தில் பறக்கும்.